இரண்டாவது டக்

கிரான்மிர்,
17 ஜூன் 1962

அன்புள்ள சிக்னே அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே நீயும், ஆர்விட் அத்தானும், அவருடைய முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர்காலத்தில் புரைக்காகக் கண்ணை அறுத்துக்கொண்டவள் நீ. கட்டெல்லாம் பிரித்தாகிவிட்டதா? இதை நீயே படிக்கிறாயா, அத்தான் படித்துக் காட்டுகிறாரா? அவர் படித்தால், அத்தான், உங்களுக்கும் வணக்கம்.

இங்கே பனி உருகிச் சதுப்பெல்லாம் தளும்புகிறது. கொசுவும் வந்துவிட்டது. போன வாரம் சுடும் திடலைத் திறந்தோம். நான் செய்த பிளைவுட் மூஸ் மானுக்கு இந்த வருஷம் புதுச் சாயம் பூசினேன். கொம்பு சற்றுக் கோணல், அதனால் ஹெல்மர் அதை மாடு என்கிறான். மாடோ மூஸோ, டிராலியில் ஏறித் தண்டவாளத்தில் ஓட ஆரம்பித்தால் எங்கள் வேட்டைக் குழுவில் பாதிப் பேருக்கு வால்தான் கிடைக்கிறது. நான் நான்கு சுட்டேன், நான்கும் நெஞ்சில். குழிக்குள் இருந்து, குண்டு பட்ட இடத்தைத் தகட்டால் காட்டிய ஹெல்மர், "இந்தக் கெழவனுக்கு வயசே ஆகாதாடா!" என்று கத்தினான்.

எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். ஆகஸ்ட் முடிவதற்குள் ஓடும் மூஸை நான்கு முறையும் நெஞ்சில் அடிக்காதவனுக்குக் காட்டில் நிற்க இடம் கிடையாது. காயம்பட்ட மிருகம் ஒன்றைத் தேடிச் சதுப்பெல்லாம் அலைந்த வருஷம் குழுத் தலைவனாக நானே போட்ட சட்டம் அது. அப்போதே பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள், இன்னும் திட்டிக்கொண்டுதான் சுடுகிறார்கள். எல்லாரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுடுவார்கள். எனக்கு மட்டும் அது சரிப்படாது.

ஒரு நல்ல சேதி. நாய் ஓட்டும் எங்கள் ஆளுக்கு முழங்கால் போய்விட்டது. உன் மகள் யோர்டிஸ் உமியோவிலிருந்து எழுதியிருக்கிறாள், அவளும் அவளுடைய சாம்பல் நாய் டூசாவும் இந்த வருஷம் எங்களோடு வருகிறார்களாம். என் வீட்டுக்காரி எல்னா போன பிறகு இந்த வீட்டில் மனிதக் குரல் கேட்டு நாளாகிறது. எனக்கு ஏக சந்தோஷம்.

நேற்று ஹெல்மரின் காபியில் சர்க்கரை என்று உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

உன் அன்புத் தம்பி,
ஹில்டிங்


கோத்தன்பர்க்,
2 ஜூலை 1962

அன்புத் தம்பி ஹில்டிங்குக்கு,

உன் கடிதத்தை நானேதான் படித்தேன். பாட்டிலின் அடிப்பாகத்தை எடுத்து மூக்கில் மாட்டின மாதிரி ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அழகு போயிற்று, ஆனால் எதிர் வீட்டு ஜன்னல் பச்சை நிறம் என்பது இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் தெரிகிறது. அத்தானின் முதுகுவலி வழக்கம்போல் அவரைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது.

உப்புக் கதையைப் படித்து அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் புரை முற்றுவதற்கு முன் நானும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றினேன். அன்று சிரித்தேன். பிறகு ஒருநாள் மாடிப்படியில் இல்லாத படியில் காலை வைத்து உருண்டேன், அதோடு சிரிப்பு நின்றது. அப்பாவுக்கும் உன் வயதில்தான் ஆரம்பித்தது. தெருவில் ஆளைக் குரல் வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பார். கேட்டால், "எல்லாம் தெரியுது, போ" என்பார்.

அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் கண் எப்படி இருக்கிறது?

யோர்டிஸ் வருவது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீங்களெல்லாம் துப்பாக்கியோடு ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அவளோ நாயோடு உங்களுக்கு முன்னால் புதருக்குள் நடந்து வருவாள். எனக்கு இருப்பது ஒரே பெண். பதில் போடு.

உன் அக்கா,
சிக்னே


கிரான்மிர்,
9 ஜூலை 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். கண்ணும் நலம்.

ஒரு சிட்டிகை உப்புக்கு இத்தனை பெரிய கடிதமா? குருடன் ஓடும் மூஸை அடிப்பானா? போன சனிக்கிழமையும் நான்கு சுட்டேன், நான்கும் நெஞ்சில். ஹெல்மருக்கு இரண்டு வயிற்றில் போயிற்று. அவனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. அவன் அக்கா யாரும் அவனுக்கு இப்படி எழுதுவதில்லை.

உனக்கு மட்டும் ஒரு சூட்சுமம் சொல்கிறேன், ஹெல்மர் காதில் போட்டுவிடாதே. தண்டவாளத்தில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து மூஸின் மூக்கு வெளியே வரும்போது சக்கரம் முதல் இணைப்பில் ஏறி 'டக்' என்னும். துப்பாக்கியை அதோடு நகர்த்த ஆரம்பிப்பேன். நடுவில் இரண்டாவது 'டக்'. அப்போது விசையை இழுத்தால் போதும், குண்டு போய்ச் சேரும் இடத்துக்கு நெஞ்சு தானாக வந்து நிற்கும். திரும்பி ஓடும்போதும் இதே கணக்குதான். மற்றவர்கள் பஞ்சை அடைத்துக்கொண்டு விழிபிதுங்கப் பார்க்கிறார்கள், நான் காதைத் திறந்து வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுகூட அடிப்பேன். இதற்குப் பெயர் அனுபவம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

ஹில்டிங்


கோத்தன்பர்க்,
14 ஜூலை 1962

தம்பி,

உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு எழுதுகிறேன். அது கருகினாலும் பரவாயில்லை. நாங்கள் நலம்.

நீ பெருமையாக எழுதியதைப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன் என்கிறாய். வேறு எப்படி அடிக்கிறாய் என்றுதான் கேட்கிறேன். உன் பிளைவுட் மூஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எவ்வளவு வேகத்தில் வரும், எங்கே டக் என்னும் என்று உனக்கு மனப்பாடம். அதைச் செய்தவனே நீ. காட்டில் யாரடா உனக்குத் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள்?

பிறந்த நாள் பரிசாக இதோடு ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். கப்பல் கட்டும் துறையில் ஆணி அடிப்பவர்கள் காதில் மாட்டிக்கொள்ளும் மூடி. அத்தான் வாங்கி வந்தார். மாட்டிக்கொண்டால் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது. இதைப் போட்டுக்கொண்டு சுடு. கண் நன்றாக இருப்பவனுக்குக் காது எதற்கு?

எத்தனை பட்டது என்று எனக்கு எழுது. வேறொன்றும் வேண்டாம்.

சிக்னே


கிரான்மிர்,
12 ஆகஸ்ட் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஒரே மழை, வைக்கோல் காயவில்லை. சதுப்பில் மஞ்சள் பழம் இந்த வருஷம் ஏராளம், உனக்கு இரண்டு ஜாடி காய்ச்சி வைத்திருக்கிறேன்.

பரிசுக்கு மிகவும் நன்றி. நல்ல பொருள். காதுக்குக் கதகதப்பாக இருக்கிறது. ஜனவரியில் விறகு வெட்டும்போது உதவும்.

யோர்டிஸ் நாயோடு வந்துவிட்டாள். உயரமாகிவிட்டாளா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? வந்த அன்றே ஹெல்மர், "நாய் ஒன்ன ஓட்டுதா, நீ நாய ஓட்டுறியா?" என்று வம்புக்கு இழுத்தான். அவள், "நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒங்கள ஓட்டப்போறோம், கால நல்லா நீவி வச்சுக்கோங்க" என்றாள். குழுவே சிரித்தது. அவள் நடக்கும்போது எல்னாவின் நடை இருக்கிறது. எப்படி இருக்கும்? எல்னா நம் இரத்தமில்லையே. இருந்தாலும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

டூசா என் கட்டிலுக்கடியில் தூங்குகிறாள். அத்தானுக்கு ஒரு மூஸ் தொடையை இப்போதே ஒதுக்கிவிட்டேன் என்று சொல்.

ஹில்டிங்


கோத்தன்பர்க்,
19 ஆகஸ்ட் 1962

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை, வைக்கோல், பழம், நாய் எல்லாவற்றையும் படித்தேன். நான் கேட்டது எங்கேயும் இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். உன் வரிகள் வேறு மேட்டில் ஏறுகின்றன. கடைசி வரி அதற்கு முந்தைய வரியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

யோர்டிஸ் கடையிலிருந்து போன் செய்தாள். உன்னோடு பேசலாமென்றால் எல்னா போன கையோடு போனையும் பிடுங்கிப் போட்டுவிட்டாய். மாமா எப்படிச் சுடுகிறார் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "சூப்பரும்மா, நாலுக்கு நாலு! ஆனா நீ அனுப்பின காது மூடிய மட்டும் கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிட்டு சுடுறாரு. கேட்டா, அக்கா குடுத்தது, கழட்ட மனசு வரலங்கிறாரு" என்று சிரித்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் காட்டுக்குப் போகாமல் இருந்துவிடமாட்டாள். உன்னைக் காட்டிக்கொடுத்தது மட்டும்தான் மிச்சமாகும்.

ஹெல்மருக்கு எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். உன் சட்டத்தை வைத்தே உன்னைக் குழுவிலிருந்து விலக்கும்படி அவனிடம் சொல்ல எனக்குக் கை வரவில்லை. எல்னா போன பிறகு அந்தக் குழுதான் உனக்கு வீடு, எனக்குத் தெரியாதா? அதனால் கெஞ்சுகிறேன். யாரும் இல்லாதபோது திடலுக்குப் போ. காதை மூடிக்கொண்டு நான்கு சுடு. பட்டால் இனி என் வாழ்நாளில் உன் கண்ணைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். படாவிட்டால் தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம்.

என் பெண்ணின் உயிர், ஹில்டிங். உனக்கும் அவள் பெண்தான்.

சிக்னே


கிரான்மிர்,
30 ஆகஸ்ட் 1962

அக்கா,

நலம்.

ஹெல்மருக்கு எழுதாதே. நீ சொன்னபடி போனேன். மோட்டாரின் பொத்தான் மேடையிலேயே இருக்கிறது, யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. நான்கு சுட்டேன். பிறகு இறங்கிப் போய் மூஸைத் தடவிப் பார்த்தேன்.

மற்றதை வேட்டை முடிந்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பத்தாம் தேதி திங்கட்கிழமை என் இடத்தில் நான்தான் உட்காருவேன்.

ஹில்டிங்


கோத்தன்பர்க்,
3 செப்டம்பர் 1962

ஹில்டிங்,

இது என்ன கடிதம்? தடவிப் பார்த்தால் என்ன இருந்தது? அதைச் சொல்ல ஒரு வரி போதாதா? பட்டிருந்தால் நீ நான்கு பக்கம் எழுதியிருப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா? பிறகு எந்த தைரியத்தில் உன் இடத்தில் உட்காருவேன் என்கிறாய்?

சாப்பாடு இறங்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்து, "அவன் என்ன சின்னப் புள்ளயா? நாப்பது வருஷமா காட்டுல நிக்கிறவன்" என்கிறார். நாற்பது வருஷமாக நிற்பதுதான் எனக்குப் பயம். யோர்டிஸிடம் போனில், "தொப்பியில சிவப்புப் பட்டைய அகலமா கட்டிக்கோடி" என்றேன். "கட்டாம போவேனா?" என்று அலுத்துக்கொண்டாள். "மாமா இருக்கிற பக்கம் போகாதே" என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கியது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். ரயிலேறி வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. வந்தால் ஏன் வந்தாய் என்று ஊரே கேட்கும், அப்போது நீ எனக்கல்ல, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் வரவில்லை.

தந்தியாவது கொடு. ஒரு வார்த்தை போதும். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

சிக்னே


கிரான்மிர்,
12 செப்டம்பர் 1962

என் அன்பு அக்காவுக்கு,

யோர்டிஸ் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நானும் நலம். நீ நலமாக இருக்கமாட்டாய் என்று தெரியும். தந்தி கொடுக்காததற்கு மன்னித்துவிடு. கடைக்காரனுக்கு எதிரில் நின்று எந்த வார்த்தையைச் சொல்வது என்று தெரியவில்லை.

இதைத் தச்சனின் தடித்த பென்சிலால் எழுதுகிறேன். சாதாரணப் பேனா எழுதுவது எனக்குத் தெரிவதில்லை. வசந்தத்திலிருந்தே தெரிவதில்லை. உன் கடிதங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். பால் ஊற்றின தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறது.

அன்று மூஸைத் தடவிப் பார்த்தேன் என்றேனே. நான் பூசின புதுச் சாயம் வழவழவென்று இருந்தது. பழைய ஓட்டைகளின் மேல் ஒட்டின தாள் ஒன்றுகூடக் கிழியவில்லை. நான்கும் மண்மேட்டுக்குப் போய்விட்டன. காதை மூடியதும் மூஸ் எங்கே வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை அக்கா. ஏதோ ஒரு கறுப்பு அசைந்தது, நான் அதன் பின்னாலேயே சுட்டேன்.

ஆனாலும் என் அகம்பாவம் அடங்கவில்லை. தண்டவாளத்து மூஸ் பொம்மைதானே, காடு எனக்குப் பழக்கம், காட்டில் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உன்னைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி.

திங்கட்கிழமை காலை உட்காரும் இடத்துக்கு ஹெல்மரின் தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தோம். எனக்குப் பிளந்த பாறை வந்தது. நல்ல இடம், எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். பனிமூட்டமாக இருந்தது. உட்கார்ந்து, கொஞ்சம் காபி குடித்து, மீதியை மூடி வைத்தேன். தூரத்தில் டூசா குரைத்தாள். குரைப்பு நெருங்கியது, பிறகு ஆற்றுப் பக்கம் போய் அடங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எனக்கு எதிரே ஃபிர் மரங்களுக்குள் சத்தம். நாய் விரட்டியது ஆற்றுப் பக்கம் திரும்பாமல் என் பக்கம் வருகிறது என்று நினைத்தேன். கனமான காலடி. நின்று, கேட்டு, மறுபடி நடந்தது, மூஸ் நடப்பது அப்படித்தான். ஒரு சுள்ளி முறிந்தது, டக். துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்துவிட்டது. மரங்களுக்கு நடுவே உயரமாகச் சாம்பல் நிறம் ஒன்று நகர்ந்தது. மூஸ்தான். சர்ச்சில் நின்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன். அதோடு சேர்ந்தே நகர்ந்தேன். இரண்டாவது சுள்ளி, டக். விசையை இழுத்தேன்.

பட்டது என்று என் நெஞ்சு குதித்தது. அக்காவுக்கு என்ன எழுதலாம், எப்படி மூக்கை உடைக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது அந்தச் சாம்பல் நிறம் பேசியது. "மாமா! காபி மிச்சம் வச்சிருக்கீங்களா, இல்ல எல்லாத்தையும் குடிச்சுத் தீத்துட்டீங்களா? இந்த நாய் என்ன ஏமாத்திட்டு ஆத்தத் தாண்டிப் போயிருச்சு."

துப்பாக்கியில் தோட்டா இல்லை அக்கா. காலையில் கிளம்பும்போது எல்லாவற்றையும் எடுத்து எல்னாவின் சர்க்கரை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போனேன். படாவிட்டால் தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று நீ கெஞ்சியிருந்தாய். அதை மீற மனம் வரவில்லை. வெறும் துப்பாக்கியில் குறி பார்ப்பேன், நான் பார்த்தது மூஸ்தான் என்று எனக்கு நானே ருசுப்படுத்திக்கொள்வேன், அடுத்த நாள் தோட்டாவோடு போவேன். இதுதான் என் திட்டம். அடுத்த நாள் தோட்டாவோடு போவதாக இருந்தேன். இதையும் உனக்கு மறைக்கவில்லை.

அவள் தொப்பியில் அகலமாகச் சிவப்புப் பட்டை இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இத்தனை கோடைகாலமும் இந்த விரலுக்கு நான் பழக்கியது ஒன்றே ஒன்றுதான், சத்தம் கேட்டால் இழு. அது பழக்கினபடியே செய்தது. அந்த விரலைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் குழுவினரிடம் சொன்னேன். "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. சட்டப்படி எனக்கு எடமில்ல. ஹெல்மர் தலைவரா இருக்கட்டும், இனிமே நான் கூடாரத்துல காபி போடுறேன்." ஹெல்மர், "உப்பு போட்டா?" என்றான். சிரித்தார்கள். அவன் என் தோளில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பாறையில் நடந்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் சொல்லி வை. கத்தி என்றால் எனக்குப் பயம், அதனால்தான் இத்தனை நாள் மறைத்தேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது.

அவளிடம் சொல்லாதே.

உன் தம்பி,
ஹில்டிங்


கோத்தன்பர்க்,
17 செப்டம்பர் 1962

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்மேல் கோபம் வந்தது. அடுத்த நாள் தோட்டாவோடு போவதாக இருந்தேன் என்ற வரியில் உன்னை அறைய வேண்டும்போல் இருந்தது. பிறகு அந்தச் சர்க்கரை டப்பாவை நினைத்து அழுதேன். அத்தானிடம் ஜலதோஷம் என்றேன்.

டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. அக்டோபர் முதல் வாரம். அறுத்த பிறகு தலையை அசைக்காமல் மல்லாந்து படுத்துக் கிடக்க வேண்டும், நான் பக்கத்திலேயே இருப்பேன். பழ ஜாடி இரண்டையும் கொண்டு வா. காது மூடியையும் மறக்காதே, வார்டில் எல்லாரும் குறட்டை விடுவார்கள். ரயிலடிக்கு நானே வருகிறேன். பாட்டிலடிக் கண்ணாடி போட்ட கிழவி யார் என்று தேடு, அது நான்தான்.

யோர்டிஸ் நேற்றுப் போன் செய்தாள். ஹெல்மர் அடித்த மூஸைப் பற்றி, டூசா ஆற்றில் நீந்தியதைப் பற்றி எல்லாம் சொன்னாள். நடுவில், "மாமாவுக்கு நெஜமாவே வயசாயிருச்சும்மா. அன்னிக்குப் பாறைகிட்ட காபி கேட்டேன், முக்கால்வாசிய என் மடியிலயே ஊத்திட்டாரு. சூடு! நான் குதிச்ச குதியில மூஸெல்லாம் நார்வேக்கே ஓடியிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் கூடச் சிரித்தேன். பேசி முடித்தாகிவிட்டது, காசும் தீர்ந்துகொண்டிருந்தது, எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. இன்னொரு தரம் சொல்லுடி, எப்படி ஊற்றினார் என்று கேட்டேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்லிச் சிரித்தாள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அக்கா,
சிக்னே